பதினோராம் படி

கூர் நகரத்து மருத்துவமனையின்
சலவை அறையில் எனக்கு இரவு வேலை.
அழுக்குத் துணி மூட்டைக்குள்
மற்றவையும் வந்து சேரும்:
மூக்குக் கண்ணாடி, பல்செட்டு,
ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த அலாரக் கடிகாரம்.
பதிவேட்டில் எழுதி மேலே அனுப்பவேண்டும்.

அந்தப் புத்தகத்தை நான் எழுதவில்லை.

பெப்ரவரியில், மூன்றாம் மாடிப் போர்வையில் இருந்து
என் காலடியில் விழுந்தது.
மலிவான பேய்க்கதை. அட்டையில் ஒரு கதவு.
நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில்
பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்திருந்தார் யாரோ.
அதைக் கேட்டு
அந்த மாடியில் இருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை.

எனக்கோ ஜெர்மன் பரீட்சை நெருங்கியிருந்தது.
பாடப் புத்தகத்துத் திருவாளர்
இருபது பக்கமாக ரயில் நிலையத்துக்கு வழி கேட்கிறார்,
அவர் போய்ச் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன.
இவன் அப்படியில்லை.
வாங்கிய பழைய வீட்டின் நிலவறைக்குள்
நடுச்சாமத்தில், மெழுகுதிரியோடு, செருப்புக்கூட இல்லாமல்
இறங்குகிறான்.

அடே, போகாதே என்று தமிழில் சொன்னேன்.
சும்மா கிடந்த சங்கு.
ஊதத்தான் போகிறான்.
இந்தக் கதைகளில் பேய் யாரையும் தேடிப் போவதில்லை,
பாய் விரித்துக் காத்திருக்கிறது.
'என்னதான் இருக்கிறது பார்ப்பமே' என்று
ஆள் தானாக வந்து சேர்கிறான்.
விடுப்பு என்போம் நாங்கள்.
விடுப்புப் பார்க்கப் போனவள் என்று
அவனைத் திட்டிக்கொண்டே நானும் பக்கத்தைத் திருப்பினேன்.

எனக்குத் தெரியாத சொல் வரும்போதெல்லாம்
அவன் நின்றான்.
நான் அகராதியில் தேடி முடிக்கும்வரை
ஒரு கால் தூக்கியபடி, திரி உருக.
'ரீகல்' என்றால் கடையில் விற்கும் சாக்லேட் துண்டு என்றே தெரியும்.
கதவில் எதற்குச் சாக்லேட்?
தாழ்ப்பாள் என்று கண்டுபிடிப்பதற்குள்
உலர்த்தும் இயந்திரம் ஒரு சுற்று முடித்திருந்தது.
ஈரம். அடுத்த படி.
பூஞ்சணம். அடுத்த படி.
கீழே இருந்ததும்
என்னோடு சேர்ந்து ஜெர்மன் படித்தது போலும்,
அத்தனை பொறுமை.

பதினோராம் படியில் ஒரு சொல்.
கீழே என்ன நின்றது என்பதற்கான சொல்.
அகராதியில் இல்லை. கைபேசியும் கை விரித்தது.

விடிகாலை மாற்றத்துக்கு வந்த உர்சினா கடூஃபிடம் காட்டினேன்.
மலைக்காரி, பெருவாய்ச் சிரிப்புக்காரி.
ஒருமுறை வாசித்தாள்.
"இது ஜெர்மன் இல்லை. எங்கள் பள்ளத்தாக்குப் பாஷை."
என்ன அர்த்தம்?
தலையணை உறைகளை எண்ணத் தொடங்கினாள்.
நாற்பது, நாற்பத்தொன்று.
என்ன அர்த்தம், உர்சினா?
"பரீட்சையில் வராது" என்றாள்
என்னைப் பார்க்காமல்.

அதோடு மூடி, அலமாரியில்
சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.
பரீட்சையில் தேறினேன்.
மூன்று வருடம்.
சில இரவுகளில் அவனை நினைத்துக்கொள்வேன்,
பாவம், கால் கடுக்கும்.
நூலகத்தில் அந்தப் பாஷைக்கும் அகராதி உண்டு,
வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்,
இரண்டு தரம்.

நேற்றுச் சவர்க்காரம் எடுக்கையில்
புத்தகம் சரிந்து, தானாக விரிந்தது.
அதே பக்கம்தான். சீட்டு இடம் மாறவில்லை.
ஆனால் வாக்கியம் வேறு.
இப்போது எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்தவை,
சின்னச் சின்னச் சொற்கள்,
முதல் வகுப்பில் சொல்லித் தந்தவை:

அவன் கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டான்.
இத்தனை காலம் தன்னைப் படியில் நிறுத்திவைத்தது
யாரென்று அறிய
அவனுக்கு ஆசையாக இருக்கிறது.
பத்தாம் படி.
ஒன்பது.